மார்வினின் மேற்படி பாகம்

ஐம்பதுகளின் தொடக்கத்தில் மிச்சிகன் மாநிலத்து ஜீலாந்தில் ஒரு நாற்காலிக் கம்பெனி, அமெரிக்கர் அனைவரும் அமரத்தக்க ஒரே நாற்காலியைச் செய்வதென ஏகமனதாகத் தீர்மானித்தது. அதற்குச் சராசரி அமெரிக்கப் பின்புறம் ஒன்று தேவைப்பட்டது. நாடெங்கும் தேடியதில், அது கம்பெனியிலேயே சரக்குத் தூக்கும் மார்வின் ஹூக்ஸ்ட்ராவிடம் இருந்தது.

கழுத்தில் பட்டாம்பூச்சி டை கட்டிய வடிவமைப்பாளர் பிரென்டிஸ், அவனை ஈரப் பிளாஸ்டரில் உட்காரவைத்து அச்செடுத்தார். கண்ணாடி இழையில் நாற்காலி பிறந்தது. மெத்தை இல்லை, கைப்பிடி இல்லை. நியூயார்க்கே கைதட்டியது. அதன்பின் வாராவாரம் அச்சில் உட்கார்ந்து காட்டுவதே மார்வினின் உத்தியோகம்.

"மேற்படி பாகம் இனி உன் சொந்தச் சொத்து இல்ல மார்வின். அளவு மாறுச்சுன்னா வேலை போயிடும்" என்றார் பிரென்டிஸ்.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போலாமா சார்?"

"போலாம். ஜாக்கிரதையா."

கிறிஸ்துமஸ் வந்தது. மனைவி ஹாட்டி, பாதாம் விழுதை மாவில் சுருட்டி வைத்துப் பாங்கெட் என்ற டச்சுப் பலகாரம் சுட்டாள். தெருவே மணத்தது. மார்வின் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"ஏங்க, ஒரு துண்டு தின்னா தேசம் கவுந்துடுமா?"

"கவுந்துடும் ஹாட்டி. பிரென்டிஸ் சார் சொன்னாரு."

"அந்தப் பட்டாம்பூச்சிக்கு வேற வேலையில்ல. வாயைத் திறங்க."

திறந்தான். புத்தாண்டுவரை மூடவில்லை.

ஜனவரியில் அச்சில் உட்கார்ந்தபோது மேற்படி பாகத்தில் பாதி உள்ளே போகவில்லை. போன பாதி வெளியே வரவில்லை. வேலை போயிற்று என்று அழுதவனை அச்சோடு தூக்கிப்போய் அதிகாரிகள் கூட்டத்தில் வைத்தார்கள்.

"ஆளு பெருத்துட்டான்" என்றார் மேலாளர்.

பிரென்டிஸ் சீறினார். "இவன்தான் சார் அளவு! அளவு எங்கயாவது பெருக்குமா? பெருத்தது நாடு. நாமதான் கவனிக்கல."

கூட்டம் இதையும் ஏகமனதாக ஏற்றது. நாற்காலி அகலப்படுத்தப்பட்டது. உட்கார்ந்தால் உள்ளே உருளுகிறோம் என்று வாங்கியவர்கள் புலம்பினார்கள். கம்பெனி பணிவுடன் தெரிவித்தது: "நாற்காலி சரியாகவே உள்ளது. தாங்கள்தான் குறைவாக இருக்கிறீர்கள்." குறையை நிவர்த்திக்க, நாற்காலி ஒவ்வொன்றுடனும் ஹாட்டியின் பாங்கெட் ஒரு பெட்டி இலவசமாகப் போனது.

சில ஆண்டுகளில் புகார்கள் நின்றன. நாற்காலி நாடு முழுக்கக் கச்சிதமாகப் பொருந்தியது. இப்போது சற்றே இறுக்கிப் பிடிப்பதாகக் கேள்வி.

மார்வினை மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். ஹாட்டி அடுப்பைப் பற்றவைத்துவிட்டாள்.