நம்மாளு எடுக்காத படம்

ஒரு கதையைச் சரியான இடத்தில் அறுத்து, கேட்டவர்களை ஒரு ஷிப்ட் முழுக்க உயிரோடு வறுத்தெடுப்பதில் எங்கள் இண்டர்வல் அண்ணனை மிஞ்ச மலேசியாவின் கெடா மாநிலத்தில் ஆள் கிடையாது. கெடா என்ன, கோடம்பாக்கத்திலேயே கிடையாது என்பேன். சண்டைக்கு வருகிறவர்கள் தாராளமாக வரலாம்.

அண்ணனுக்கு ஃபேக்டரி பஸ் ஓட்டுகிற வேலை. காலையில் புக்கிட் செலம்பாவ் பக்கமெல்லாம் சுற்றி எங்களைப் பொறுக்கிக்கொண்டு போய் சுங்கைப்பட்டாணியில் ஃபேக்டரி வாசலில் கொட்டுவார். ஷிப்ட் முடிந்ததும் திரும்ப அள்ளிக்கொண்டு வருவார். நான் அப்போது அங்கே சின்னச் சின்ன எலெக்ட்ரானிக் சாமான்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, நல்லது கெட்டது பிரிக்கிற வேலையில் இருந்தேன். எங்கள் பஸ்ஸில் ரேடியோ கிடையாது. ஏர்கோன் என்று ஒன்று இருந்தது, அதிலிருந்து தண்ணீர் மட்டும் வரும். ஆனாலும் திகாம் பத்து பக்கமிருந்து நல்ல பஸ்ஸில் வருகிற பெண்கள் எங்களைப் பார்த்து வயிறெரிவார்கள். காரணம் அண்ணனின் வாய்.

கடைசி ஆள் ஏறியதும் தொண்டையைச் செருமுவார். படம் ஆரம்பம். டைட்டில், மழை, ரயில், கதாநாயகியின் மூக்குத்தி வரைக்கும் ஒன்று விடாமல் சொல்வார். ஒரு கை ஸ்டியரிங்கில் இருக்கும், இன்னொரு கை கேமராவாகிவிடும். ஃபேக்டரி கேட் வரும்போது கதாநாயகி கிணற்று விளிம்பில் நிற்பாள். அண்ணன் ஹேண்ட்பிரேக்கை இழுத்து, "இண்டர்வல்!" என்பார். மீதி சாயந்திரம்தான். காலில் விழுந்தாலும் சொல்ல மாட்டார்.

சொல்வது எல்லாமே ஒரே டைரக்டரின் படங்கள். அந்த டைரக்டரின் பெயரை அண்ணன் வாயால் நாங்கள் கேட்டதே இல்லை. அந்தக் காலத்துப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்களே, அந்த மாதிரி ஒரு மரியாதை. "நம்மாளு" என்றுதான் சொல்வார். மற்றவர்கள் ஹீரோவுக்காகக் கட்சி கட்டிச் சண்டை போட்டால் அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

"ஹீரோ யாருலா? ஓடுன்னா ஓடுறவன், அழுன்னா அழுவுறவன். எங்க அழுவணும்னு சொன்னது யாரு? நம்மாளு!"

ஒருநாள் காலை இண்டர்வலில், கதாநாயகி ரயில்வே பிளாட்பாரத்தில் ஒரு காலும் ரயில் படியில் ஒரு காலுமாக நின்றுவிட்டாள். அன்றைக்குப் பார்த்து ஃபேக்டரியில் அவசர ஓடி, அதாவது ஓவர்டைம், அறிவித்தார்கள். எங்கள் லைனில் ஒரு பெண்கூட ஒப்புக்கொள்ளவில்லை. சூப்பர்வைசருக்கு முகம் வெளுத்துவிட்டது. யூனியன் ஏதோ மறியலுக்குத் தயாராகிறது என்று நினைத்து, மேலே ஆபீஸ் வரைக்கும் ஓடினார். மேனேஜரே இறங்கி வந்துவிட்டார். எங்களில் மூத்தவர் சரசக்கா. யாருக்கும் பயப்படாத வாய். அவர்தான் முன்னால் வந்து மலாயில் விளக்கினார். அந்தப் பெண் ரயில் ஏறினாளா இல்லையா என்று தெரியாமல் எங்களால் ராத்திரி தூங்க முடியாது, அவ்வளவுதான், வேறு கோரிக்கை ஒன்றும் இல்லை என்றார். மேனேஜர் சரசக்காவை ஒருமுறை, சூப்பர்வைசரை ஒருமுறை பார்த்தார். பிறகு தன் ஆபீஸுக்கே திரும்பிப் போய்விட்டார்.

இன்னொரு கூத்து ஆயுத பூஜையில் நடந்தது. பஸ்ஸில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் நம்மாளு படம் மாட்டியிருக்கும். ஏதோ பத்திரிகையிலிருந்து வெட்டி, பிரேம் போட்டது. தாடி, கண்ணாடி, சோகமான பார்வை. பூஜையன்று பஸ்ஸைக் கழுவி, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். புதிதாக வேலைக்குச் சேர்ந்த மாலா என்கிற பெண், பாவம், பக்தியோடு நம்மாளு படத்துக்கும் ஒரு பொட்டு வைத்து, செண்டுமல்லி மாலையும் போட்டுவிட்டாள். போட்டுவிட்டு அண்ணனிடம் போய் மெதுவாகக் கேட்டாள்.

"அப்பாவாண்ணே? எப்ப தவறினாரு?"

அண்ணன் அலறிய அலறலில் டயருக்கடியில் இருந்த எலுமிச்சம்பழமே நசுங்கியிருக்கும். "ஐயையோ! உசுரோட இருக்குற மனுசனுக்கு மாலைய போட்டுட்டியே, பாவி!" மாலையைப் பிய்த்து எறிந்தார். அத்தோடு விட்டாரா? அடுத்த நாள் காலை பஸ்ஸை ரோட்டோர முனியாண்டி கோயிலுக்குத் திருப்பி, எங்களையும் இறக்கி, பூசணிக்காய் சுற்றி உடைத்து, மெட்ராஸில் இருக்கிற மனிதருக்குக் கெடாவில் திருஷ்டி கழித்தார். எல்லோரும் லேட். கேட்டில் காரணம் கேட்ட கார்டிடம், "சாமி காரியம்" என்று சரசக்கா முடித்துவிட்டார்.

சிரித்தோம், ஆமாம். ஆனால் ஒருநாள் மழைக்கு பஸ் ஓரமாக நின்றபோது நான் சும்மா இருக்காமல் கேட்டேன். "ஏண்ணே, அப்படி என்னதான் இருக்கு உங்க நம்மாளுகிட்ட?"

அண்ணன் வைப்பரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நாங்க இருந்த ரப்பர் தோட்டத்த வித்துட்டாங்க தங்கச்சி. ஆளுக்கு ஒரு பக்கமா போனோம். நான் கோலாலம்பூர்ல லோரி ஓட்டப் போனேன். பேசுறதுக்கு ஒரு ஆளு கெடையாது. ஒருநாள் சும்மா படத்துக்குப் போனேன். அதுல ஒருத்தன் ரூம்ல தனியா உக்காந்து சோறு திங்கிறான். தட்ட கழுவுறான். மறுபடியும் வந்து உக்கார்றான். பாட்டும் இல்ல, வசனமும் இல்ல. அது நான் தங்கச்சி! நான் கழுவுற மாதிரியே கழுவுறான். இந்த ஆளு என்னைய எங்க பாத்தாருன்னு அழுதுட்டேன்."

அதற்கு மேல் எனக்குக் கிண்டல் வரவில்லை.

அந்த நம்மாளு பல வருஷமாகப் படம் எடுக்காமல் இருந்தார். வெள்ளிக்கிழமை வந்தால் அண்ணன் என் போனைக் காட்டி, "ஏதாச்சும் நியூஸ் இருக்கா, பாரேன்" என்பார். தானே பார்க்க மாட்டார். கெட்ட செய்தி ஏதாவது வந்து தொலைத்துவிடுமோ என்று பயம். "இன்னும் ஒரு படம் எடுத்துட்டாருன்னா போதும்லா. நம்மள மறக்கலன்னு தெரிஞ்சா போதும்" என்பார். அவருக்கு வாழ்க்கையில் பாக்கியிருந்த ஒரே ஆசை அதுதான். வீடு வாங்கணும், கார் மாத்தணும் என்று அவர் பேசி நான் கேட்டதில்லை.

கடைசியில் செய்தி வந்தேவிட்டது. புதுப் படம்! அதுவும் சுங்கைப்பட்டாணியிலேயே ரிலீஸ்! அண்ணன் பஸ்ஸை ஓரம் கட்டிவிட்டு இறங்கி, ரோட்டோரத்தில் முகம் கழுவிவிட்டு வந்தார். கண்ணைத்தான் கழுவினார் என்று எங்களுக்குத் தெரியாதா? ஞாயிற்றுக்கிழமை முதலாளியிடம் அனுமதி வாங்கி அதே பஸ்ஸில் எங்களைத் தியேட்டருக்கு ஏற்றிக்கொண்டு போனார். ஓடிக்குப் போனவர்கள் தவிர மற்ற எல்லோரும் ஆஜர். தீபாவளிக்குத் தைத்து வைத்திருந்த சட்டையைப் போட்டிருந்தார் அண்ணன். கோயிலுக்குப் போகிற மாதிரி சரசக்கா தலை நிறையப் பூ.

படம் ஆரம்பித்தது.

எப்படிச் சொல்வது? முதல் காட்சியிலேயே கார்கள் பறந்தன. பிறகு துப்பாக்கி. பிறகு துப்பாக்கியோடு கார்கள். ஹீரோ நடக்கவே இல்லை, எல்லா இடத்துக்கும் பறந்தே போனார். யாரும் தட்டு கழுவவில்லை. தட்டில் சாப்பிடவே இல்லை, எல்லோரும் குடித்தார்கள். நான் ஓரக்கண்ணால் அண்ணனைப் பார்த்தேன். முதல் வரிசையில் நிமிர்ந்து, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இண்டர்வலில் யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவரே எழுந்து போய் எல்லோருக்கும் பாப்கார்ன் வாங்கி வந்து கொடுத்தார். இரண்டாம் பாதியில் அத்தனை வெடிச் சத்தத்துக்கும் அசையாமல் சரசக்கா தூங்கிப்போனார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு சத்தம் இல்லை. வழியில் பாதி தூரம் போன பிறகு அண்ணன்தான் வாயைத் திறந்தார்.

"சீட்டெல்லாம் நல்லா மெத்துமெத்துன்னு இருந்துச்சுல்ல?"

"ஆமாண்ணே, சூப்பர் சீட்டு" என்றோம் எல்லோரும் ஒரே குரலில். அந்த டைரக்டர் மட்டும் எதிரில் வந்திருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன்.

திங்கட்கிழமை காலை. அண்ணன் தொண்டையைச் செருமவில்லை. நாங்களும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, வாழ்நாளில் பார்க்காதது போல எண்ணெய்ப்பனை மரங்களைப் பார்த்தோம். மாலா ஞாயிற்றுக்கிழமை ஓடிக்குப் போனவள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. குஷியாகக் கேட்டாள். "அண்ணே! நம்மாளு படம் எப்படி? கதைய சொல்லுங்கண்ணே!"

சரசக்கா அவள் தொடையில் கிள்ளினார். "ஏன்க்கா கிள்ளுறீங்க?" என்று அவள் இன்னும் சத்தமாகக் கேட்டாள். நான் சாமியைக் கும்பிட்டேன்.

அண்ணன் ஒரு வளைவைத் தாண்டினார். இன்னொரு வளைவையும் தாண்டினார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"ஒரு பெரியவரு. ஜாகா வேலை செய்யிறவரு, ராத்திரி காவலுக்கு நிக்கிறவரு. கையில ரெண்டு குடை வச்சிருக்காரு."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். குடையா? எனக்கு அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. முதல் கார் பறந்து வந்து விழும்போது, தெருவில் ஒரு கிழவர் குடையோடு ஒதுங்குவார். கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடுவார். அந்தக் குப்பை முழுவதிலும் அண்ணன் அந்த ஒரு மனிதரைக் கண்டுபிடித்து எடுத்து வந்திருந்தார்.

பெரியவரின் மனைவி சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டாள். என்ன சண்டை என்பது அவருக்கே மறந்துவிட்டது. மழை வந்தால் மட்டும், அவள் ஒருவேளை வந்து இறங்கினால் நனைவாளே என்று இரண்டு குடையோடு பஸ் ஸ்டாப்புக்குப் போவார். ஒருநாள் பேய் மழை. ஒரு பஸ் வந்து நிற்கிறது. ஒரு பெண்ணின் கால் படியில் இறங்குகிறது.

எங்கள் பஸ்ஸும் நின்றது. "இண்டர்வல்" என்றார் அண்ணன்.

அன்றைக்கு ஓடிக்கு யாரும் நிற்கவில்லை என்று நான் சொல்லத் தேவையில்லை. சாயந்திரம் மீதியைச் சொன்னார். இறங்கியது வேறு யாரோ பெண். அவளிடம் ஒரு குடையைக் கொடுத்து அனுப்பிவிட்டு, அப்புறம் மனைவி வந்தால் என்ன செய்வது என்று பெரியவர் தவித்த தவிப்பில் பஸ்ஸே மூக்கைச் சிந்தியது. கடைசியில் மனைவி வருகிறாள், சுட்டெரிக்கிற வெயிலில். "வெயில்லயே குடைய விரிக்கிறாரு. ரெண்டு பேரும் ஒரே குடையில நடந்து போறாங்க. அவ்வளவுதான் படம்."

மாலா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சே! இந்தப் படத்த தியேட்டர்ல பாத்தே ஆவணும்" என்றாள்.

சரசக்காதான் முதலில் சுதாரித்தார். "தூக்கிட்டாங்கடி. ஹவுஸ்ஃபுல்லா ஓடி முடிஞ்சுருச்சு."

"நேத்துதானேக்கா பாத்தீங்க?"

"நேத்தே முடிஞ்சுருச்சுலா! அம்புட்டுக் கூட்டம். சும்மா இரு."

மேலே இருந்த கண்ணாடியில் அண்ணன் எங்களை எல்லாம் ஒருமுறை பார்த்தார். கியரை மாற்றினார். அன்று படம் பார்த்தவர்களில் ஒருத்திகூட இன்றுவரை மூச்சு விட்டதில்லை. இதோ, நான்தான் முதலில் விடுகிறேன்.

இப்போது அந்த ஃபேக்டரி பஸ் இல்லை. அண்ணன் ஜொகூர் பக்கம் மகள் வீட்டுக்குப் போய்விட்டார் என்று கேள்வி. நான் கல்யாணமாகி ஈப்போவில் இருக்கிறேன். போன வாரம் அந்தப் படம் டிவியில் ஓடியது. "இந்தக் கண்றாவிய ஏம்மா பாக்குற?" என்று வீட்டுக்காரர் எழுந்து போய்விட்டார். நான் மட்டும் கார்களையும் துப்பாக்கிகளையும் பொறுத்துக்கொண்டு, கடைசிப் பெயர் ஓடும்வரை உட்கார்ந்திருந்தேன். எங்கேயாவது அந்தப் பெரியவரின் மனைவி பஸ்ஸை விட்டு இறங்கிவிட மாட்டாளா என்று ஒரு நப்பாசை.

அண்ணே, நீங்கள் எடுத்த அந்தப் படம் எங்கே ஓடுகிறது, சொல்லுங்கள். எந்த ஊராக இருந்தாலும் நான் வந்துவிடுகிறேன்.