மேற்பார்வை: டாக்டர் சிவநேசன்

"சார், அதைத் திறக்காதீங்க சார்."

ஷர்மினி சொல்லி முடிப்பதற்குள் டாக்டர் சிவநேசன் கிருமி வளர்க்கும் பெட்டியைத் திறந்து மூக்கை உள்ளே விட்டுவிட்டார். தட்டுத் தட்டாக அடுக்கியிருந்த கிருமிகள் நேற்றுப் போலவே இன்றும் வெள்ளை வெளேரென்று இருந்தன.

"ஏன் இன்னும் சிவக்கல?"

"மூடி வச்சாத்தான் சார் சூடு நிக்கும். நீங்க அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா திறந்து பாத்தா..."

"அம்மா, நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நான் லேப்ல நின்னவன்."

நின்றவர்தான், பொய்யில்லை. எண்ணெய் எடுக்கும் செம்பனை மரத்தின் வேரில் வரும் பூஞ்சையைப் பற்றி ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கினார். பட்டம் கைக்கு வந்த மறுநாளே லேபை விட்டு வெளியே வந்து, கமிட்டி கமிட்டியாக உட்கார ஆரம்பித்தவர் இன்றுவரை எழுந்திருக்கவில்லை. ஜார்ஜ் டவுனில் அந்தத் தனியார் கல்லூரியின் எல்லாக் கமிட்டியிலும் அவர் இருந்தார். கேன்டீன் கமிட்டி, கார் நிறுத்தும் கமிட்டி, கமிட்டிகளைக் குறைப்பதற்கான கமிட்டி.

இப்போது கையில் இருப்பது சிந்தெட்டிக் பயாலஜி போட்டி. உலகம் முழுக்க மாணவர்கள் கிருமிகளின் மரபணுவை வெட்டி ஒட்டி, அதுவரை செய்யாத வேலையைச் செய்ய வைத்துக் காட்ட வேண்டும். பினாங்குப் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு என்ன தோன்றும்? நாசி லெமாக், கறி மீ, செண்டோல் என்று எதை எடுத்தாலும் தேங்காய்ப்பால், அவர்கள் பேச்சில் சந்தான். கெட்டுப்போன தேங்காய்ப்பால் பட்டால் சிவந்துபோகும் ஒரு கிருமியை உருவாக்குகிறோம் என்று ஷர்மினியும் ஸஹ்ராவும் இக்மலும் பெயர் கொடுத்திருந்தார்கள். ஷர்மினி தலைவி. ஸஹ்ரா பேசுவதற்கு. இக்மல் எதற்கென்று டாக்டருக்குத் தெரியாது. அந்தப் பையன் வாயைத் திறந்து அவர் பார்த்ததில்லை.

போட்டியில் ஒரு விதி. வேலை முழுக்க மாணவர்களே செய்ய வேண்டும், ஆசிரியர் மேற்பார்வை மட்டும்தான் பார்க்கலாம். டாக்டர் அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். காலையில் வந்ததும் மேற்பார்வை, டீ குடித்துவிட்டு மேற்பார்வை, போகும்போது விளக்கை அணைத்துவிட்டு, மறுபடி போட்டு ஒரு மேற்பார்வை.

அவர் தவிப்புக்குக் காரணம் இருந்தது. துறைத் தலைவர் ஓய்வு பெற்று நாற்காலி காலியாகக் கிடந்தது. டீன் ஆசியா பீவி ஒருநாள் அவரைக் கூப்பிட்டு, "மெடல் கொண்டாங்க டாக்டர், அந்த நாற்காலி உங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டார். டாக்டர் அதை மனைவி ஜெயலெட்சுமியிடம் 'கிடைக்கலாம்' என்று சொன்னார். ஜெயலெட்சுமி குடும்ப வாட்ஸாப்பில் 'கிடைச்சிருச்சு' என்று போட்டார். புக்கிட் தெங்கா ஃபேக்டரியில் வேலை செய்யும் மச்சான் முனுசாமி, தீபாவளிக்குத் தீபாவளி "என்ன மச்சான், இன்னும் அதே சீட்டுதானா?" என்று கேட்டே மனிதரைக் கொன்றவர், இந்த முறை 'துறைத் தலைவர்' என்று பித்தளையில் பெயர்ப்பலகையே செய்து அனுப்பிவிட்டார். அது ஆயர் ஈத்தாமில் டாக்டர் வீட்டு ஷோகேஸில் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. கிருமி சிவக்காவிட்டால் இனி அந்த வீட்டில் மனிதர் தலை நிமிர்ந்து சோறு தின்ன முடியாது.

"சார், நாங்க கிளம்பறோம்" என்றாள் ஸஹ்ரா. "சாப்பாட்டுக் கடைக்காரங்களப் பாத்துப் பேசணும். போட்டியில அதுக்கும் மார்க் இருக்கு."

"தினம் தினமா?"

"கடை நெறைய இருக்கு சார். இங்க நீங்க இருக்கறதாலதான் நாங்க தைரியமா போறோம்."

டாக்டருக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. இந்தக் காலத்தில் இப்படிப் பிள்ளைகள் எங்கே கிடைக்கும்?

அவர்கள் போனதும் யோசித்தார். சூடு போதவில்லை, அதுதான் கோளாறு. பெட்டியின் சூட்டைக் கூட்டினார். அதுவும் போதாதென்று பட்டதும், பாதித் தட்டுகளை எடுத்து வடகம் காய வைப்பதுபோல் ஜன்னலோரம் வெயிலில் பரப்பினார். பினாங்கு வெயில் அதன் வேலையைச் சரியாகச் செய்தது. மறுநாள் காலையில் புளித்த தேங்காய்ப்பால் நாற்றம் லிஃப்ட் வரைக்கும் வந்து நின்றது. அக்கவுண்ட்ஸ் பிரிவில் ஓர் அம்மாள் வாந்தியெடுத்தார்.

"எலி செத்துக் கிடக்கா?" என்று கேட்டுக்கொண்டு காவலர் மாடிக்கு வந்தார்.

"ஆராய்ச்சி நடக்குது" என்றார் டாக்டர், மூக்கைப் பொத்திக்கொண்டு.

அன்று இரவுச் சாப்பாட்டில் அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்ததைப் பார்த்து ஜெயலெட்சுமி பிடித்துக்கொண்டார்.

"என்னங்க, புதுக் காடி வாங்கினப்ப டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கினீங்கதானே? அந்தப் பெட்டிக்கு வச்சீங்களா?"

"அது விஞ்ஞானம்லா, ஜெயா."

"காடி மட்டும் என்ன, மந்திரத்துலயா ஓடுது? கண்ணு பட்டிருக்கு. என் அண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?"

அண்ணன் பெயர் வந்ததும் விஞ்ஞானம் வாயை மூடிக்கொண்டது.

மறுநாள் பிள்ளைகள் கடைக்காரர்களைத் தேடிப் போன பிறகு, டாக்டர் ஆயர் ஈத்தாம் மார்க்கெட்டில் வாங்கிய எலுமிச்சம்பழத்தை வெட்டிப் பெட்டியின் இரு பக்கமும் வைத்தார். கதவில் மூன்று பட்டை விபூதி. நடுவில் குங்குமம். வெளியே மட்டும் வைத்தால் உள்ளே இருப்பவற்றுக்கு எப்படிப் போய்ச் சேரும் என்று நினைத்து, உள்ளே மேல்தட்டிலும் தாராளமாக ஒரு பிடி குங்குமம் வைத்தார். பிறகு சாம்பிராணி போட்டார்.

கூரையில் இருந்த புகை மணிக்குச் சாமியும் தெரியாது, சாம்பிராணியும் தெரியாது. அலறியது. கட்டடமே காலியானது. மேல்மாடியில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தவர்கள் பேனாவோடு இறங்கி வந்து, வாகனம் நிறுத்துமிடத்தில் ஒருவருக்கொருவர் விடையைச் சரிபார்த்துக்கொண்டார்கள். அந்தப் பரீட்சையை மறுபடியும் வைக்க வேண்டியதாயிற்று.

டீன் ஆசியா பீவி வெயிலில் குடை பிடித்துக்கொண்டு நின்றார். "டாக்டர், உங்க மேல ஊதுபத்தி வாசம் அடிக்குதே."

"புகைச் சோதனை மேடம். புகையில கிருமி தாங்குதான்னு..."

சேதி கேட்டு ஓடி வந்திருந்த ஷர்மினி குறுக்கிட்டாள். "பரவால்ல மேடம். எங்க வேலைக்கு ஒரு பாதிப்பும் இல்ல."

டாக்டர் நன்றியோடு அவளைப் பார்த்தார். பெற்றவர்கள் நன்றாக வளர்த்திருக்கிறார்கள்.

மறுநாள் காலையில் பெட்டியைத் திறந்தவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தட்டுகள் சிவந்திருந்தன. செக்கச் செவேலென்று, ஒன்று விடாமல். உடனே டீனுக்குப் போன். அடுத்து ஜெயலெட்சுமிக்குப் போன். ஜெயலெட்சுமி தொலைபேசியிலேயே அழுதார்.

ஷர்மினி தட்டுகளைக் குனிந்து பார்த்தாள். "சார், கெட்ட சந்தான் தட்டுதானே செவக்கணும்? இங்க நல்ல சந்தானும் செவந்திருக்கே."

"அது கெடப் போவுதுன்னு முன்கூட்டியே சொல்லுது. அவ்வளவு கெட்டிக்காரக் கிருமி."

"வெறும் தண்ணி வச்ச தட்டும் செவந்திருக்கு சார்."

"தண்ணியில என்ன இருக்கோ, யாருக்குத் தெரியும்?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இக்மல் மேல்தட்டை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தான். பிறகு மூவரும் பையைத் தூக்கிக்கொண்டு கடைக்காரர்களைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

அவர்கள் போன பிறகு டாக்டர் ஆசையோடு ஒரு தட்டை எடுத்து முகர்ந்தார். கோயில் வாசனை வந்தது. கிருமிக்கு ஏது கோயில் வாசனை? மேல்தட்டைப் பார்த்தார். வைத்த குங்குமம் பெட்டியின் ஈரத்தில் கரைந்து, சொட்டுச் சொட்டாகக் கீழே வடிந்திருந்தது.

மனிதருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. நாளைக்கு வீடியோவில் நடுவர்கள் வருகிறார்கள். டீனும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கப் போகிறார். உண்மையைச் சொல்லிவிடலாமா? டாக்டர் சிவநேசன் நேர்மையான மனிதர். ஒரு நிமிடம் முழுசாக அதைப் பற்றி யோசித்தார்.

பிறகு கடைக்குப் போய் ரோஸ் சிராப் ஒரு பாட்டில் வாங்கி வந்தார். பாலில் விட்டுப் பண்டோங் கலக்குகிற அதே சிவப்புச் சிராப். குங்குமத் தட்டுகளைத் தூக்கி எறிந்தார். புதுத் தட்டுகளில் 'கெட்டது' என்று எழுதியவற்றில் மட்டும் அளவாகச் சிராப்பை ஊற்றினார். 'நல்லது' எல்லாம் வெள்ளை. 'கெட்டது' எல்லாம் ரோஜா. பார்க்கப் பார்க்க அவருக்கே திருப்தியாக இருந்தது. செம்பனைப் பூஞ்சைகூட இவ்வளவு அழகாக வந்ததில்லை.

விடிந்து பார்த்தால் எறும்பு.

ஊரில் இருக்கிற எறும்பெல்லாம் சொந்தபந்தத்தோடு வந்திருந்தது. வரிசையாகப் பெட்டிக்குள் போய், வரிசையாக வெளியே வந்து, சிராப்பைச் சொட்டு விடாமல் குடித்துவிட்டு, 'நல்லது', 'கெட்டது' என்ற பேதம் பார்க்காமல் எல்லாத் தட்டிலும் குடியேறியிருந்தது. டாக்டர் நாற்காலியில் தொப்பென்று விழுந்தார். அழுகையே வந்துவிட்டது.

கதவருகே மூன்று பிள்ளைகளும் சட்டையை இஸ்திரி போட்டு அணிந்து, பளிச்சென்று நின்றார்கள்.

"சார், நேரமாச்சு" என்றாள் ஸஹ்ரா.

"எல்லாம் போச்சும்மா."

"கவலைப்படாதீங்க சார். ப்ரெசன்டேஷனுக்கு ஒண்ணும் ஆகாது."

பாவம், சின்னப் பிள்ளை, விவரம் தெரியாமல் பேசுகிறாள் என்று டாக்டர் நினைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்ணோடு சேர்ந்து புத்தியும் தெளிந்தது.

"பிள்ளைங்களா, ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க. போட்டி விதிப்படி எல்லாத்தையும் செஞ்சது நீங்கதான். நான் வெறும் மேற்பார்வை. அதனால எங்கயாச்சும் தப்பு இருந்தா, அதுவும் உங்களோடதுதான். டீன் கேட்டா அப்படித்தான் சொல்லணும். சரியா?"

"சரி சார்" என்றாள் ஷர்மினி. அவள் முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. அதுவே டாக்டருக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

கருத்தரங்கு அறையில் பெரிய திரை. திரையில் மூன்று வெளிநாட்டு நடுவர்கள். முன்வரிசையில் டீன், அவர் பக்கத்தில் டாக்டர். நடுவர்கள் மாணவர்களிடம் மட்டுமே கேட்பார்கள், ஆசிரியர் வாயே திறக்கக் கூடாது. டாக்டருக்கு அதுதான் ஒரே ஆறுதல். விளக்கு அணைந்ததும் பாத்ரூமுக்குப் போவதுபோல் நழுவிவிடலாமா என்று கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஷர்மினி படத்தைப் போட்டாள். தட்டுகள். நல்ல தேங்காய்ப்பால் வைத்த தட்டு பளீரென்று வெள்ளை. கெட்ட தேங்காய்ப்பால் வைத்த தட்டு சிவப்பு. தண்ணீர் வைத்த தட்டு வெள்ளை. ஒரு முறை, இரண்டு முறை அல்ல, வாரக்கணக்காகத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்த படங்கள். ஸஹ்ரா பத்துக் கடைக்காரர்கள் சொன்னதை அவர்கள் குரலிலேயே போட்டுக் காட்டினாள். நடுவர்கள் மூவரும் நாற்காலியில் முன்னுக்கு வந்து உட்கார்ந்தார்கள்.

டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. இது எப்போது நடந்தது? எந்தத் தட்டு? எறும்பு எங்கே? ஆனால் விளங்காத விஷயத்துக்குப் பெருமைப்பட்டுக்கொள்வதில் அவருக்குக் கமிட்டிகளில் நல்ல பழக்கம். எலுமிச்சம்பழம் வேலை செய்திருக்கிறது, வேறென்ன? மெல்ல நிமிர்ந்தார். கோட்டை இழுத்துவிட்டார். டீன் பக்கம் சாய்ந்தார்.

"விதிப்படி பிள்ளைங்கதான் செஞ்சது மேடம்" என்று கிசுகிசுத்தார். "ஆனா ஒவ்வொரு தட்டும் என் கண்ணு முன்னாலதான் வளர்ந்துச்சு. ராப்பகலா என் மேற்பார்வை."

"தெரியுது டாக்டர்" என்றார் டீன், கண் கலங்கி. "இன்னைக்கே உங்க பேரை மேலிடத்துக்கு அனுப்பிடறேன். முடிஞ்சதுன்னு வச்சுக்குங்க."

டாக்டர் மேசைக்கு அடியில் கைப்பேசியை வைத்து, குடும்ப வாட்ஸாப்பில் 'கிடைச்சிருச்சு' என்று தட்டிப் போட்டார். உடனே பதிலுக்கு முனுசாமி மச்சானிடமிருந்தே ஒரு கும்பிடு வந்தது. வாழ்க்கையில் முதல் முறை.

திரையில் மூத்த நடுவர் கண்ணாடியைக் கழற்றினார். "இத்தனை வருடத்தில் இவ்வளவு சுத்தமான முடிவை ஒரு மாணவர் குழுவிடம் நான் பார்த்ததே இல்லை. தங்கப் பதக்கத்துக்கு எனக்கு இன்னும் ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. வெளியிலிருந்து எந்த அசுத்தமும் உங்கள் சோதனைக்குள் நுழையாமல் எப்படிப் பார்த்துக்கொண்டீர்கள்?"

ஷர்மினி ஸஹ்ராவைப் பார்த்தாள். ஸஹ்ரா தரையைப் பார்த்தாள். டீன் பெருமையோடு டாக்டரைப் பார்த்தார். டாக்டர் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார்.

அதுவரை வாயே திறக்காத இக்மல் மைக்கைத் தன் பக்கம் இழுத்தான்.

"முதல் மாசமே நாங்க செபராங் ஜெயாவுல வேற ஒரு லேபுக்கு மாறிட்டு, சாருக்குன்னு இங்க தனியா ஒண்ணு வச்சுக் கொடுத்துட்டோம்."