கண்ணாடிக்காரர் வாசித்த நாவல்

கண்ணாடிக்காரருக்குப் பொய் சொல்ல வராது. கடைக்கு வருகிறவர் ஃப்ரேமை மாட்டிக்கொண்டு "எப்படி இருக்கு?" என்று ஆசையாகக் கேட்டால், "ஆந்தை மாதிரி இருக்கு" என்று சொல்லி வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்கிற ரகம். அப்பேர்ப்பட்ட மனுஷன் ஆஸ்பத்திரி மாடிப்படியில் நின்று, வாழ்க்கையில் ஒரே ஒரு பொய்யையாவது ஒழுங்காகச் சொல்லிவிடுவது என்று சபதம் எடுத்தார். டாக்டர் அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டு, மனைவியின் நுரையீரல் படத்தை விளக்கில் வைத்துக் காட்டி, "இனிமே நாங்க செய்யறதுக்கு ஒண்ணும் இல்லீங்க. நிம்மதியா வெச்சுக்குங்க" என்று சொல்லியிருந்தார்.

மனைவி வெளியே பெஞ்சில் இருமிக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்னாரு?"

"வெறும் சளிதானாம். கெட்டியாக் கட்டிக்கிட்டு இருக்காம்."

"அதைச் சொல்லவா உங்களைத் தனியாக் கூப்பிட்டாரு?"

"அவருக்குக் கண்ணாடி மாத்தணுமாம். விலை கேட்டாரு."

அடேயப்பா, என்ன சாமர்த்தியம் என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டார். அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

மறுநாள் அவள் எதிர்வீட்டு அம்மாவிடம் புத்தகத்தின் பேரைச் சொல்லி, வாசகசாலையிலிருந்து ஒரு தடி நாவலை வரவழைத்தாள். "படுத்தே கிடக்கேன், பொழுதே போகலை. கடையிலேர்ந்து வந்ததும் கொஞ்சம் படிச்சுக் காட்டுங்களேன்."

கரும்பு தின்னக் கூலியா? அவர் புத்தகப் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழுவில், அந்த வாரம் படித்ததும் வீட்டுச் சமாசாரமுமாக நாலு வரி போடுவார். மனைவியின் அக்காவைத் தவிர ஒரு ஈ காக்கா சீந்தாது. அந்த அக்காவும் அவருக்குத்தான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவாள். ஒரு தையல் மெஷின் சண்டையில் தங்கையோடு பேச்சை நிறுத்தி வருஷக்கணக்காகிறது.

நாவலின் கதாநாயகி முதல் அத்தியாயத்திலேயே இருமினாள். அவருக்குப் பகீரென்றது. பாதிப் புத்தகம் தாண்டும் முன்னே, அடுத்த பக்கத்தைப் புரட்டினால், செத்தே போய்விட்டாள். படுபாவி எழுத்தாளன்!

"என்னங்க, நிறுத்திட்டீங்க?"

"கண்ணாடியில தூசி."

துடைத்தார். மறுபடி துடைத்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "அவள் மெல்ல எழுந்து உட்கார்ந்து, 'பசிக்கிறது' என்றாள்" என்று வாசித்தார்.

அதற்கப்புறம் அவர் பட்ட பாடு கொஞ்சமா நஞ்சமா? துக்கத்துக்கு வந்த கூட்டத்தை விருந்துக்கு வந்த கூட்டமாக்கினார். அவசரத்தில் ஒரு வரி அப்படியே வாயில் வந்துவிட்டது.

"விருந்துல எதுக்குங்க எல்லாரும் அழறாங்க?"

"வெங்காயம் நறுக்கறாங்க."

"வந்தவங்க அத்தனை பேருமா?"

"பெரிய விருந்தும்மா."

கதையில் இரண்டாம் தாரமாக ஒருத்தி வந்தாள். அவள் பேசியதையெல்லாம் முதல் தாரத்தின் வாயில் போட்டு, அந்தப் பெண்ணை இருமாமல் கடைசிப் பக்கம் வரை கைப்பிடித்துக் கொண்டுபோய்ச் சேர்த்தார். மனைவி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. குழுவில் போடும் முன், எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டினார்: "இந்த வாரம் ஒரு நாவல். சுபமான முடிவு. வீட்டில் அவளுக்குச் சளி குறைந்து வருகிறது."

"அதைப் போடாதீங்க. எங்க அக்காவைப் புறப்பட்டு வரச் சொல்லுங்க."

"அவங்ககூடத்தான் நீ பேச மாட்டியே?"

"இப்ப பேசாம வேற எப்ப பேசறது?"

அவர் போனைக் கீழே வைத்தார். "நீ என்னம்மா சொல்றே?"

"அந்த நாவலைக் கல்யாணத்துக்கு முன்னாடியே நான் படிச்சாச்சுங்க. அவ பாதியிலேயே போய்டுவா."

"தெரிஞ்சுக்கிட்டேவா படிக்கச் சொன்னே?"

"எனக்கு வெறும் சளின்னா, நீங்க பாட்டுக்கு அவளைச் சாகடிச்சுட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டியிருப்பீங்க."

கண்ணாடிக்காரர் குலுங்கிக் குலுங்கி அழுதார். அவள் அவர் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றி, தன் முந்தானையால் துடைத்து, திரும்ப மாட்டிவிட்டாள்.

"கடைக்கு வர்றவங்களைப் பலகையைப் பார்த்துப் படிக்கச் சொல்லி, எங்கே தடுமாறறாங்கன்னு வெச்சுத்தானே கோளாறைக் கண்டுபிடிக்கிறீங்க? நானும் அதைத்தாங்க செஞ்சேன்."