எடுக்காதீங்க மாமனார்

கோயமுத்தூர்க்காரனிடம் மரியாதையாகக் கேட்டால் எதையும் வாங்கிவிடலாம். செல்போன் கம்பெனிகளுக்கு இது எப்படியோ தெரிந்துபோயிருக்கிறது. கூப்பிடுகிறவர் பெயரைக் காட்டும் இலவச ஆப் ஒன்றை நான் இறக்கியபோது, ‘உங்கள் போனில் உள்ள பெயர்களைப் பார்க்க அனுமதிப்பீர்களா?’ என்று கேட்டது. இவ்வளவு பணிவாகக் கேட்கிறதே என்று அனுமதித்துவிட்டேன். (நம்மிடம் ஒளிக்க என்ன இருக்கிறது என்ற தெனாவட்டு வேறு.)

இருந்தது. என் மாமனார். தொண்டாமுத்தூரில் அவருக்குத் தென்னந்தோப்பு. யானை புகுந்தால் வனத்துறைக்கு முன்பு எனக்குத்தான் போன் போடுவார். எந்தப் பக்கம் நுழைந்தது, எந்த மரத்தைச் சாய்த்தது, போகும்போது திரும்பிப் பார்த்ததா என்பது வரை சொல்லுவார். ஆபீஸில் அவர் போனை எடுத்து மேனேஜர் எதிரில் ஒருநாள் மாட்டிக்கொண்ட எரிச்சலில், அவர் நம்பருக்கு ‘எடுக்காதீங்க மாமனார்’ என்று பெயர் வைத்திருந்தேன். (எனக்கு நானே சொல்லிக்கொள்வதிலும் ‘ங்க’. வளர்ப்பு அப்படி.)

அந்தச் சமயத்தில் என் மச்சினிக்கு ஈரோட்டில் மாப்பிள்ளை அமைந்தது. மஞ்சள் வியாபாரக் குடும்பம். பெண் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகத்தான் போனார்கள். நிச்சயத்துக்கு நாள் பேச மாமனார் போன் போட்டார், அவர்கள் எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. அந்தப் பையனை நிஜமாகவே பிடித்துப்போயிருந்த மச்சினி, சாப்பாட்டைத் தொடவில்லை.

மாமனாரும் நானும் நேரில் போனோம். பையனின் அப்பா சங்கடத்தோடு வரவேற்றார்.

“ஏனுங்க, போன் போட்டா எடுக்கவே மாட்டேங்கறீங்க?” என்றார் மாமனார்.

“நீங்கதானுங்களே வேண்டாம்னீங்க?”

“நானுங்களா?”

“உங்க போன் வந்தாலே ‘எடுக்காதீங்க’ன்னு வருதுங்க. பொண்ணு ஊட்டுல மனசு மாறிப்போச்சாட்ட இருக்குது, வாயில சொல்லச் சங்கடப்பட்டுட்டு மரியாதையா இப்படிச் சொல்றீங்கன்னு நெனச்சுப்போட்டோமுங்க.”

மாமனார் அங்கேயே பையனின் அப்பா நம்பருக்குப் போட்டுப் பார்த்தார். அவரிடமும் அதே ஆப். என் போனிலிருந்து அள்ளிக்கொண்டு போன பெயரை, ஈரோட்டில் கொண்டுவந்து பளிச்சென்று காட்டியது.

முதல் சொல்லை வைத்து யாரை வேண்டுமானாலும் சந்தேகப்படலாம். இரண்டாவது சொல்தான் வினை. அவருக்கு அப்போது இருந்தது ஒரே மருமகன்.

“ஏனுங்க மாப்ள, உங்க போன்ல எம்பேரு என்னங்க?”

போனை எடுத்து அவரிடமே நீட்டினேன். அவமானத்தில் செத்தே போனேன். என் எரிச்சல் என் போனுக்குள் கிடந்தவரை யாருக்கும் கெடுதல் இல்லை. அதை ஊருக்குக் காட்ட நான்தான் அனுமதி கொடுத்திருந்தேன். அதுவும் மாமனாரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அவருடைய நம்பருக்கும் சேர்த்து.

பையனின் அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் கல்யாணம் பிழைத்தது. நான் ஆப்பை நீக்கினேன். பெயரை அழிக்கச் சொல்லிக் கம்பெனிக்கு எழுதினேன். பரிசீலிக்கிறார்களாம், மிகப் பணிவாகப் பதில் வந்தது.

மாமனார் காத்திருக்கவில்லை. இன்றைக்கும் உரக்கடைக்கோ கேஸ் ஏஜென்சிக்கோ போன் போட்டால், அவர்கள் கேட்பதற்கு முன்பே அவரே சொல்லிவிடுகிறார்.

“வணக்கமுங்க. எடுக்காதீங்க பேசறனுங்க.”