ஜெர்மன் நாடகத்துக்கு மூன்று நிமிஷம்

உலக நாடக வரலாற்றை இனி இரண்டாகப் பிரித்துத்தான் எழுதவேண்டும்: எங்கள் லாஸ்பேட்டை கல்லூரி விழாவுக்கு முன், அதற்குப் பின். விழாக்குழுத் தலைவர் அடியேன். தற்பெருமை என் பழக்கமில்லை. அழைப்பிதழில் என் பெயர் நான்கு இடத்தில் வந்தது அச்சகத்தாரின் அன்பு.

மாணவர்கள் ஜெர்மன் மொழியிலேயே நாற்பது நிமிஷ நாடகம் போடுவதாக ஏற்பாடு. மூன்று மாத ஒத்திகை. அரசனிடம் நியாயம் கேட்கப் போகும் சலவைக்காரியாகத் துர்கா. அரசனாக ஜெரின், அரிக்கும் பஞ்சுத் தாடியோடு. துர்காவின் அப்பா பெயர் பாவாடை, தட்டாஞ்சாவடியில் பாட்டில் மூடி கம்பெனித் தொழிலாளி. மகள் ஜெர்மன் பேசுவதைக் கேட்க அரைநாள் லீவு போட்டு, இஸ்திரி மடிப்பு கலையாத சட்டையோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அது வி.ஐ.பி. வரிசை. மிகுந்த பண்போடு அவரைப் பதினோராவது வரிசைக்கு அனுப்பினேன்.

துர்கா ஓடிவந்தாள். “சார், அப்பா ரெண்டு மணிக்கு ஷிஃப்டுக்குப் போவணும். நாடகத்த மொதல்ல வச்சிடுங்க சார்.”

“வெளக்கேத்தாம நாடகமா? நாலு பேரு இன்னா சொல்லுவாங்க?” என்றேன்.

பத்து மணி விழா, சிறப்பு விருந்தினர் அரிகிருஷ்ணன் ஐயா வந்த பதினொன்றரைக்குச் ‘சரியாக’த் தொடங்கியது. விளக்குக்கு ஐந்து திரி, ஏற்ற ஒன்பது பேர். மின்விசிறியை நிறுத்த யாருக்கும் தோன்றாததால் மூன்று முறை ஏற்றினோம். அடுத்து சால்வைகள். சால்வை போர்த்தியவருக்கும் ஒரு சால்வை. ஐயா பேசினார்: “ஜெர்மன்னா எனக்கு உயிரு. எங்க மாமாவே பிரான்ஸ்லதான் இருக்காரு!” அரங்கம் அதிர்ந்தது. ‘மாணவர்க்கு வாய்ப்பளிப்போம்’ என்ற தலைப்பில் நான் ஐம்பது நிமிஷம் மட்டுமே பேசினேன்.

என் பேச்சு பாதியில் இருக்கும்போது பாவாடை எழுந்தார். மேடை ஓரம் நின்ற மகளைப் பார்த்துக் கையாட்டிவிட்டு ஸ்கூட்டர் சாவியோடு கிளம்பிப் போனார். நாகரிகமான மனிதர், நாற்காலியைக்கூட இழுக்கவில்லை.

பிறகு நாடகம். பிரியாணி ஆறிவிடும் என்பதால் மூன்று நிமிஷம் ஒதுக்கினோம். துர்கா தனியாக வந்து, மைக்கைப் பிடித்து, மூச்சு விடாமல் ஜெர்மனில் முழங்கினாள். அடடா, என்ன நடிப்பு! கண்ணில் நிஜத் தண்ணீர்! ஜெர்மன் ஆசிரியை ரூபி மட்டும் ஏனோ கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“பிரமாதம்! அத அப்படியே தமிழ்லயும் சொல்லும்மா, எல்லாருக்கும் புரியட்டும்,” என்றார் ஐயா.

சொன்னாள். “மூணு மாசமா எங்கப்பாவுக்காகத்தான் இத்த படிச்சேன். நீங்க ஒருத்தருக்கு ஒருத்தர் சால்வ போத்திக்கினு பேசி முடிக்கறதுக்குள்ள அவரு ஷிஃப்டுக்குப் போயிட்டாரு. உங்களுக்கெல்லாம் வெக்கமாவே இல்லியா?”

அதற்கும் எழுந்து நின்று கைதட்டினோம். மீந்திருந்த ஒரு சால்வையை நானே அவளுக்குப் போர்த்தினேன். அது கேமராவுக்குச் சரியாக விழும்வரை போட்டோ எடுத்ததில் நான்கு நிமிஷம் ஆயிற்று.