கார்த்திகன் கோடரி ஏந்திய ஞாயிற்றுக்கிழமை

வாழி கார்த்திகன்! செபராங் ஜெயாக் காப்புறுதி அலுவலகத்தின் மூன்றாம் மேசைக்கு அதிபதி, பிறர் பாதியில் கைவிட்ட படிவங்களைத் தன் பேனா முனையால் உயிர்ப்பிக்கும் பெருந்தகை, "தம்பி, இத கொஞ்சம் பாத்துக் குடு லா" என்று எவர் வந்து நின்றாலும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாத மென்னாவினன், முப்பத்தொரு வயதும் ஒரு பழைய மோட்டார் சைக்கிளும் உடையோன்! அவன் வீரம் பாடப் புகுந்தோம். கேட்போர் கைப்பேசியைச் சற்றே கவிழ்த்து வைக்கக் கடவர்.

ஜார்ஜ் டவுன் மாநகரில், சூலியா தெருவில், சிக்கந்தரின் நாசி கண்டார் சோற்றுக்கடைக்கு மேல்மாடியில், ஞாயிறுதோறும் பிற்பகல் இரண்டு மணிக்கு நால்வர் கூடுவர். ஒருத்தி கதை சொல்வாள். மற்ற மூவரும் அந்தக் கதைக்குள் வேடம் பூண்டு, அவரவர் தாளில் எழுதிய வலிமையோடும் இருபது முகப் பகடை காட்டும் எண்ணோடும் வாழ்வர், அல்லது மாள்வர். கதை சொல்லும் செங்கோல் துஷ்யந்தியின் கையில் இருந்தது. அவள் உயிரியல் ஆசிரியை. பச்சை அட்டை நோட்டில் அவள் தன் கைப்பட எழுதிவைத்திருந்த வீட்டுச் சட்டங்களைக் கண்டால், கடையில் விற்கும் விதிப்புத்தகமே வாலைச் சுருட்டிக்கொள்ளும். அவற்றுள் தலையாயது இது: வைத்தியராக யாரும் விரும்புவதில்லை, ஆகவே, புதுக்கதை தொடங்கும் நாளில் கடைசியாக மாடியேறுபவரே வைத்தியர்.

அந்தோ, கார்த்திகன் கடல் கடந்து வருபவன்! மூன்று ஆண்டுகளில் நான்கு கதைகள் தொடங்கின. நான்கிலும் ஃபெர்ரி அவன் காலை வாரிவிட்டது. தோழர்கள் பறவைநாகங்களின் சிரம் கொய்து சிரித்து நின்ற வேளைகளில் எல்லாம், பச்சிலையும் துணிச்சுருளுமாகப் பின்வரிசையில் குந்தியிருந்தவன் அவன். வாரத்தில் ஐந்து நாள் ஊரார் உடைத்ததை ஒட்டவைப்பவனுக்கு, ஆறாம் நாள் போகட்டும், ஏழாம் நாளிலாவது எதையேனும் உடைத்துப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. ஒரு கோடரி. இருபுறமும் கூர். அவ்வளவுதான் கேட்டான்.

ஐந்தாம் கதை தொடங்கும் ஞாயிறு புலர்ந்தது. உச்சிவெயில் ஏறுமுன்னே தலைக்கவசம் தரித்து, பட்டர்வொர்த் துறையில் மோட்டார் சைக்கிள் படைகளுக்கு நடுவே முன்வரிசை பிடித்து, வாயில் திறந்த கணமே சீறிப் புகுந்து, அலைகடல் கடந்து, ஒருவழிப் பாதைகளை வென்று, சிக்கந்தர் கடையின் கறிமணத்துக்கும் மயங்காமல் பதினேழு படிகளையும் தாவி ஏறியபோது மணி பன்னிரண்டே முக்கால். மாடியில் ஒரு மின்விசிறியைத் தவிர ஒருவருமில்லை. அவன் நெஞ்சு விம்மிற்று. ஒன்றரைக்கு அஸ்லான் வந்தான், மந்திரவாதித் தாளோடு. பச்சை நோட்டு வந்தது, துஷ்யந்தியோடு. சிக்கந்தரின் மகள் ஹமீதா மட்டும் வரவில்லை. அவள் கீழ்த்தளத்தில்தான் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் தெருவரை நின்றதால் அத்தா சிக்கந்தர் அவள் கையிலிருந்து கரண்டியை வாங்க மறுத்துவிட்டார். இரண்டு மணி ஏழு நிமிடத்துக்குக் கணவாய்மீன் குழம்பு வாசனையோடு அவள் ஏறி வந்தாள்.

"கடைசி ஆளு ஹமீதா!" என்று முழங்கினாள் துஷ்யந்தி.

"அக்கா, இந்த பில்டிங்குக்கே மொத ஆளு நான்தான்! காலையில ஆறு மணிலேருந்து கீழ நிக்கிறேன்!"

"மாடிக்கு எப்ப ஏறுன? அதான் கணக்கு. சட்டம்னா சட்டம்தான் லா."

இவ்வாறு தீர்ப்பு வழங்கப்பட, கார்த்திகன் போர்வீரன் தாளை இழுத்து, 'இடிமார்பன்' என்று பேனாவால் எழுதி, ஆயுதம் என்ற கட்டத்தில் கோடரி என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டான்.

இனிப் போர்க்களம் காண்மின்! மலைக்கணவாயில் பூதமொன்று வழிமறித்தது. வைத்தியருக்கு ஒரு நாளைக்கு மூன்று முறைதான் குணமாக்கும் ஆற்றல். துஷ்யந்தி அழகுக்காகச் சொல்லிவைத்த ஓர் ஆட்டுக்குட்டி நொண்டுகிறது என்று கேட்டதும், ஹமீதா முதல் ஆற்றலை அதன் காலுக்கு ஈந்தாள். இரண்டாவதைத் தன் விரலில் குத்திய முள்ளுக்கு ஈந்தாள். கார்த்திகன் நாக்கைக் கடித்துக்கொண்டான். இது இடிமார்பனின் வேலையல்ல. அப்போது பூதத்தின் கதாயுதம் சுழன்று அஸ்லானின் மந்திரவாதி புகைத்தாடியாரைச் சாய்த்தது. விழுந்தவரை அந்தச் சுற்றுக்குள் யாரும் காக்காவிட்டால் தாளைக் கிழித்துவிட வேண்டும் என்பது பச்சை நோட்டின் மூன்றாம் சட்டம். தான் வேலைபார்க்கும் பிறை ஊர்த் தொழிற்சாலையின் ஓய்வுநேரங்களில் உட்கார்ந்து அந்தத் தாடியை ஒவ்வொரு மயிராக வரைந்திருந்தான் அஸ்லான். அவன் தாளைக் கையால் மூடிக்கொண்டான்.

ஹமீதாவின் முறை வந்தது. "ஆட்டுக்கு இன்னும் வலிக்குதா அக்கா?" என்றாள். வலிக்கிறது என்று பகடை சொன்னது. மூன்றாம் ஆற்றலும் ஆட்டுக்கே போயிற்று.

எஞ்சியவன் கார்த்திகன். முதலில் பகடை, பிறகு செயல் என்பதும் சட்டம். உருட்டினான். பகடை புரண்டு, தேத்தாரே தேநீர்க் குவளையில் முட்டி, நின்றது. இருபது! மூன்றாண்டு காத்திருந்த இருபது! பூதத்தின் தலை போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளலாம்.

"இருவது லா!" துஷ்யந்தி எழுந்தே விட்டாள். "சொல்லு, எங்க வெட்டுற?"

இடிமார்பன் கோடரியை ஓங்கினான். கார்த்திகன் அஸ்லானின் கையைப் பார்த்தான். வெட்டு என்ற சொல் தொண்டைவரை வந்தது. அதை வெளியே தள்ள அவனால் ஆனதெல்லாம் செய்தான். அவனுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

"கோடரிய கீழ போடுறேன்," என்றான் அவையதிர. "சட்டைய கிழிச்சு அஸ்லானுக்குக் கட்டு போடுறேன். அழுத்தி. மேலேருந்து கீழ. ஹமீதா, நல்லா பாத்துக்க, இப்படித்தான் போடணும்."

புகைத்தாடியார் கண் விழித்தார். பூதம் வெட்டுப்படாமல் நின்றது.

ஹமீதா தன் வைத்தியர் தாளை அவன் பக்கம் தள்ளினாள், அவன் வாங்கிக்கொண்டான்.