சாங்ஷன் அத்தையின் தசரா பட்ஜெட்

பஞ்சுமிட்டாய் தின்ன ஆசைப்பட்ட குழந்தைகளை, கார்பன் தாள் வைத்து இரண்டு பிரதியில் அனுமதி கேட்கவைத்த மனுஷி இந்தப் பூமியில் சாங்ஷன் அத்தை ஒருவராகத்தான் இருக்க முடியும்.

தொண்ணூறுகளின் தொடக்கம். மைசூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தார். கணக்குப் பிரிவில் வேலை, தனி ஆள். பெயர் என்னவோ இருந்தது. ஆபீசில் தினமும் "இன்னும் சாங்ஷன் ஆகல, போங்க" என்று ஆட்களைத் திருப்பி அனுப்பியே அந்த வார்த்தை அவர் மேல் ஒட்டிக்கொண்டது. பால்காரர்கூட வாசலில் நின்று "சாங்ஷன் மேடம், ஹாலு!" என்றுதான் குரல் கொடுப்பார்.

தசரா வந்தால் எங்களைப் பொருட்காட்சிக்கு அழைத்துப்போவது அவர் தானாக ஏற்றுக்கொண்ட பொறுப்பு. எங்கள் பெற்றோருக்கு நிம்மதி. எங்களுக்கு ஒரு வாரம் தலைவலி. கையில் எவ்வளவு இருக்கிறது, எதற்கு எவ்வளவு போகும் என்று முன்னாலேயே எழுதிக் கொடுத்தாகவேண்டும். என் முதல் பட்ஜெட்டில் அப்பளம், ஜயன்ட் வீல், வளையல், கடைசியில் "இதர செலவு மூன்று ரூபாய்" என்று எழுதியிருந்தேன்.

"இதர செலவுன்னா என்னடி?"

"அங்க போய்ப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்னு, அத்தே."

"கவர்ன்மென்ட்டே அப்படித்தான் எழுதும். நீ எழுதக்கூடாது."

சிவப்பு மையால் ஒரே அடி. என் தம்பி சீனுவுக்கு அப்போது ஏழு வயது. அவனுடைய பட்ஜெட் ஒரே வரி: பஞ்சுமிட்டாய், இருபது ரூபாய். இரண்டு முறை திரும்பி வந்தது.

அந்த வருஷம் பொருட்காட்சிக்குள் நுழைந்த கால் மணி நேரத்தில் சீனு குதிக்க ஆரம்பித்தான். கட்டணக் கழிப்பறை வாசலில் இருந்தவர் "எண்டாணெ கொடி" என்று எட்டணா கேட்டுக் கையை நீட்டினார்.

"உன் பட்ஜெட்ல இது எங்கடா?" என்றார் அத்தை.

"அத்தே, வருது!"

"எந்தத் தலைப்புலேர்ந்து எடுக்கறது? அதைச் சொல்லு முதல்ல."

"பஞ்சுமிட்டாய்லேர்ந்து!"

எட்டணா கிடைத்தது. ஆனால் வெளியே வந்தவனைச் சும்மா விடவில்லை. பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் விண்ணப்பம் எழுதவைத்து, ஆன செலவுக்குப் பிறகு தரும் அனுமதியாக "பின்னேற்பு வழங்கப்பட்டது" என்று கையெழுத்துப் போட்டார்.

மூன்றாவது வருஷம் எங்கள் கூட்டத்தில் வசந்தி சேர்ந்தாள். எல்லையோர ராமாபுரம் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த ஒரு கொத்தனாரின் மகள். குவார்ட்டர்ஸ் பின்னால் தகரக் கொட்டகையில் இருந்தார்கள். அவளும் ஒரு தாளை நீட்டினாள்.

"எழுதிட்டு வந்துட்டனுங்க."

போக பஸ் ஒரு ரூபாய், வர பஸ் ஒரு ரூபாய், சுருமுரி என்கிற மசாலாப் பொரி ஒரு ரூபாய். மொத்தம் மூன்று. அத்தை எங்கள் இருபது ரூபாய் பட்ஜெட்களுக்குச் செலவழித்த அதே நேரத்தை அதற்கும் செலவழித்தார். ஒரு ஒற்றுப் பிழையைத் திருத்தினார். கையெழுத்துப் போட்டார்.

"பாருங்கடா, பற்றாக்குறையே இல்லாத பட்ஜெட்."

பொருட்காட்சியில் நானும் சீனுவும் எதிர்வீட்டு அண்ணன் தம்பி இருவரும் ஜயன்ட் வீலில் ஏறி இறங்கினோம். சுருமுரியைத் தின்று முடித்துவிட்டு வசந்தி கம்பி வேலியைப் பிடித்தபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"அத்தே, அவளுக்கு ஒரு டிக்கெட் நீங்க வாங்கிக் கொடுங்களேன்" என்றேன்.

"நான் வாங்கிக் கொடுத்தா அவ உக்காந்து எழுதினதுக்கு என்னடி மதிப்பு?"

அத்தையை நான் வெறுத்தது அந்த ஒரு நிமிஷம்தான்.

சுருமுரி வண்டிக்குப் பின்னால் மாநாடு கூட்டினோம். வீடு திரும்ப ஆளுக்கு ஒரு ரூபாய் பஸ் காசு மிச்சம் இருந்தது, வசந்தியிடமும். ஐந்து பேர், ஐந்து ரூபாய். டிக்கெட்டும் ஐந்து ரூபாய்.

"அத்தே, பஸ் காசை வீலுக்கு மாத்தணும். நாங்க நடந்து வரோம்."

"நாலு கிலோமீட்டர்."

"பரவாயில்ல."

அத்தை வசந்தியைப் பார்த்தார். "உனக்கும் சம்மதமா?"

"ஊருல பள்ளிக்கூடத்துக்கு அதுக்கு மேலயே நடப்பமுங்க."

தாள் எடுத்தார். ஐந்து கையெழுத்து. "சாங்ஷன்."

அதற்குள் வீல்காரர் குறுக்கே வந்தார். "சிக்க மகு, ஒப்பளே பேடம்மா." சின்னக் குழந்தை, தனியாக ஏற்றமாட்டேன், கூடப் பெரியவர் ஒருவர் வேண்டும் என்கிறார்.

பெரியவர் என்று எங்களோடு இருந்தது ஒருத்தர்தான். அவருடைய பட்ஜெட்டில் பஸ்ஸும், கிளம்பும் முன் ஒரு வடை காபியும் மட்டுமே. அதற்கு மேல் ஒரு காசு அவர் கொண்டுவந்ததே இல்லை. கொஞ்ச நேரம் வீலை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு கைப்பையைத் திறந்து, தாளில் தனக்குத் தானே ஒரு விண்ணப்பம் எழுதினார். படித்தார். யோசித்தார். கீழே கையெழுத்துப் போட்டார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் சத்தம் போட்டதை அவர் பொருட்படுத்தவில்லை.

இறங்கி வந்தபோது கொண்டை அவிழ்ந்திருந்தது. முகத்தில் ரத்தமே இல்லை.

"மேலேர்ந்து என்ன தெரிஞ்சுது?" என்று சீனு கேட்டான்.

"அரமன லைட்டெல்லாம் தெரிஞ்சுது. மலை தெரிஞ்சுது" என்றாள் வசந்தி. "அத்தை கண்ணே தொறக்கலீங்க. நாந்தான் எல்லாத்தையும் சொல்லிச் சொல்லிக் காட்டினேன்."

"அது ரிப்போர்ட்ல வரவேண்டாம்" என்றார் அத்தை.

வசந்திதான் முதலில் சிரித்தாள். அத்தை சிரித்து நாங்கள் பார்த்தது அன்றைக்குத்தான்.

வடையும் இல்லாமல், காபியும் இல்லாமல், பஸ் காசும் இல்லாமல், ஸ்டேஷன் பக்கம் வருவதற்குள் அத்தை வலது காலை இழுத்து நடக்க ஆரம்பித்தார். கேட்டதற்கு "ஒண்ணுமில்ல, நடங்க" என்றார். வழக்கமாக பஸ் ஸ்டாப்பிலிருந்து ஓட்டப்பந்தயம் வைத்து வீட்டுக்குப் போகிற நாங்கள் ஐந்து பேரும், மிக மெதுவாக நடந்தோம்.